லிவர்பூல் வங்கிக்காரரும் சயாம் பாலமும்: ஐந்து நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: பட்டர்வொர்த், பாடாங் பெசார்

பட்டர்வொர்த்தில் ரயில் ஏறும்போதே அக்கா மகன் கேட்டுவிட்டான். "மாமா, நம்ம ஆளுங்க சயாமுக்குப் போறதுன்னா தாத்தா பாட்டனத் தேடித்தான் போவாங்க. நீங்க ஏன் ஒரு வெள்ளைக்காரரத் தேடிப் போறீங்க?"

இரண்டு பேரையும் தேடித்தான் போகிறேன் என்றேன். எங்கள் ஆயாவின், அதாவது பாட்டியின், அண்ணன் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். 1943-இல் ஜப்பானியர் அவரை ரயில்பாதை போடச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் தெரிந்த கதை அவ்வளவுதான். அந்த ரயில்பாதையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது: லெப்டினன்ட் கர்னல் ஃபிலிப் டூசி. அவர் முழுநேரச் சிப்பாய் அல்ல, வங்கிக்காரர். நானும் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். அக்கா மகனோ வாரநாளில் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரக்கடைசியில் வத்தானியா என்ற மலேசியப் பகுதிநேரப் படையில் சீருடை. டூசியைப் பற்றிப் பேச இவனைவிடப் பொருத்தமான துணை எனக்குக் கிடைக்காது.

டூசி 1904-இல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் அப்பா அனுப்பவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லிவர்பூலில் ஒரு பஞ்சு வணிக நிறுவனத்தில் தொழில் கற்கப் போனார். 1927-இல் டெரிட்டோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படையில் பீரங்கி அதிகாரியானார். அவருடைய பிரிவு 59-வது மீடியம் பிரிகேட். பிறகு பேரிங்ஸ் வங்கியின் லிவர்பூல் கிளையில் வேலை. படையில் மேலதிகாரியாக இருந்தவர் வழியாகவே வங்கி வேலையும் வந்தது. வாரத்தில் ஒரு மாலை பயிற்சி, வருடத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் பேரேடும் வாடிக்கையாளரும்.

"அப்ப என்னை மாதிரிதான்" என்றான் அவன்.

ஆமாம். அவன் மாதிரிதான். 1939 ஆகஸ்டில் அழைப்பு வந்தது. பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போய், 1940-இல் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து தப்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். 1941-இல் லெப்டினன்ட் கர்னலாகி 135-வது ஃபீல்டு ரெஜிமென்ட்டின் பொறுப்பை ஏற்றார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கத்துப் பகுதிநேரக்காரர்கள் சேர்ந்த படை அது. 25 பவுண்டர் பீரங்கிகள். அந்த அக்டோபரில் கப்பலேறி, 1942 ஜனவரியில் சிங்கப்பூரில் இறங்கினார்கள். இறங்கியதும் ஜொகூர்ச் சண்டை, பிறகு தீவுக்குப் பின்வாங்கல்.

சாயங்காலம் மலேசிய-தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் தேநீர் குடித்துவிட்டுப் படுக்கை ரயிலில் ஏறினோம். அங்கே அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 12, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழ மூன்றே நாள். தப்பிக்கும் கப்பலில் ஏறிப் போகும்படி டூசிக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. அவர் மறுத்துவிட்டார். தன் ஆட்களைச் சிறைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் ஊர் போய்ச் சேர அவருக்கு மனமில்லை. சண்டையில் காட்டிய துணிச்சலுக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆனால் இந்த மறுப்புக்குத்தான் பதக்கம் தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் நாள்: பான் பொங், காஞ்சனபுரி, பாலம்

விடியற்காலையில் கண் விழித்தபோது ரயில் பான் பொங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாதாரண ஸ்டேஷன், நடைமேடையில் இரண்டு நாய்கள். எழுந்து நின்று பார்த்தேன். 1942 அக்டோபரில் டூசியும் அவர் ஆட்களும் வந்து இறங்கிய இடம் இதுதான். சிங்கப்பூரிலிருந்து இரும்புச் சரக்குப் பெட்டிகளில், பெட்டிக்கு முப்பது பேர் வரை அடைத்து, நாலைந்து நாள் கொண்டுவந்தார்கள். படுக்க இடமில்லை, பகலில் இரும்பு சுடும், இரவில் குளிரும். அடுத்த வருடம் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் இதே பாதையில்தான் கொண்டுவந்தார்கள். நாங்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கி வந்த அதே பாதை.

நக்கோன் பத்தோமில் இறங்கி, காஞ்சனபுரி போகும் மூன்றாம் வகுப்பு வண்டியைப் பிடித்தோம். வழியில் நோங் பிளாடுக் சந்திப்பு. பர்மா ரயில்பாதை இங்கேதான் தொடங்கியது. இங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானுக்குக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் பர்மாப் போர்முனைக்கு அரிசியும் குண்டும் கொண்டுபோக இந்தப் பாதை தேவைப்பட்டது. 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்தன. அதற்குக் கொடுத்த விலை 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர் கணக்கை நாலாம் நாள் குறிப்பில் எழுதுகிறேன். இப்போது எழுத மனம் வரவில்லை.

விடுதியில் பையைப் போட்டுவிட்டு வெயில் தாழ்ந்ததும் பாலத்துக்கு நடந்தோம். இடத்தின் பெயர் தா மக்காம். ஆங்கிலேயக் கைதிகள் வாயில் அது 'தமர்க்கன்' ஆனது. இன்று குவே யாய் என்று அழைக்கும் இந்த ஆறு அப்போது மே குளோங். ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு உலகமெங்கும் இருந்து 'குவாய்' நதிப் பாலத்தைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கியதால், 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே மாற்றினார்கள்.

பாலத்தின் வளைந்த இரும்பு வில்களை அவன் எண்ணிக்கொண்டே வந்தான். நடுவில் நின்றுவிட்டான். "மாமா, இங்க ரெண்டு மட்டும் நேரா இருக்கே!" வளைந்தவையெல்லாம் பழசு. ஜாவாவிலிருந்து ஜப்பானியர் கழற்றிக் கொண்டுவந்தவை. நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நடுப்பகுதியை உடைத்தபின், போர் முடிந்து ஜப்பானில் செய்து வந்து பொருத்தியதுதான் அந்த நேர்க்கோட்டுப் பகுதி. கொஞ்சம் கீழே, ஆற்றின் போக்கில், முதலில் ஒரு மரப்பாலமும் இருந்தது. இரண்டையும் கட்டியவர்கள் டூசியின் முகாமில் இருந்தவர்கள். மரத்தூண்களை ஆற்றில் இறக்க, கனமான எடையைக் கயிறு கட்டித் தூக்கித் தூக்கிப் போடவேண்டும். 'இச்சி, நி, நோ, சன்' என்று ஜப்பானிய மொழியில் ராகம் போட்டு நாள் முழுக்க இழுத்தார்கள்.

தண்டவாளத்தின் ஓரம் ரயிலுக்கு ஒதுங்கி நிற்க மேடைகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

1957-இல் வந்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' என்ற அந்த ஆங்கிலப் படத்தை இலங்கையில் களனி ஆற்றங்கரை கித்துல்கலையில் எடுத்தார்கள். அதில் வரும் கர்னல் தன் கௌரவத்துக்காக எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுப்பார், தப்பி ஓடுவதைத் தடுப்பார். அந்த ஆள்தான் டூசி என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் தா மக்காமில் இருந்த கைதிகளுக்கு அந்தப் படம் பெரிய வேதனை. அங்கே நடந்தது நேர் எதிர். வேலை செய்ய மறுத்தால் சாவுதான் என்பது டூசிக்குத் தெரியும். அதனால் மறுக்கவில்லை, ஆனால் கெடுக்க முடிந்ததையெல்லாம் கெடுக்கச் சொன்னார். கறையானைப் பிடித்துக்கொண்டுவந்து மரத்தூண்களில் விட்டார்கள். கான்கிரீட்டைக் கலவை பிசகிக் கலந்தார்கள். இரண்டு அதிகாரிகள் தப்பிப் போகவும் டூசி உதவினார். ஒரு மாத உணவு கொடுத்து அனுப்பி, 48 மணி நேரம் விஷயத்தை மறைத்தார். ஒரு மாதம் கழித்து அவர்கள் பிடிபட்டார்கள். துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். மறைத்ததற்கு டூசிக்கும் தண்டனை கிடைத்தது.

என்னை இழுப்பது கறையான் கதையல்ல. அவர் பேரம் பேசிய விதம்தான். ஆளை அடித்தாலோ நோயாளியை வேலைக்கு இழுத்தாலோ போய் நின்று முறையிடுவார். பல தடவை அடி வாங்கினார். மறுநாள் மறுபடி போய் நிற்பார். ஜெனிவா ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடினால் அங்கே எடுபடாது. ஆகவே ஜப்பானிய அதிகாரிக்கு எது வேண்டுமோ அதை வைத்துப் பேசினார்: ஆட்களுக்குச் சோறும் ஓய்வும் கொடுத்தால் உங்கள் பாலம் சீக்கிரம் முடியும். கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் பேசுவதும் இப்படித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எது லாபம் என்று தெரியாமல் பேரம் பேசவே முடியாது.

முகாமுக்குள் அவர் வைத்த ஒழுங்கும் அப்படியே. அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டுக் கொட்டகை கிடையாது, தனிக் குடிசை கிடையாது. சிப்பாய்க்கு அடி விழும்போது அதிகாரி குறுக்கே போய் நிற்கவேண்டும். கக்கூஸ் குழி, குடிநீர், துப்புரவு எல்லாவற்றிலும் கண்டிப்பு. மற்ற முகாம்களோடு பார்த்தால் இங்கே செத்தவர்கள் குறைவு.

"இதெல்லாம் ரெகுலர் ஆர்மிக்காரங்களுக்கும் தெரியுமே மாமா" என்றான் அவன். தெரியும். ஆனால் டூசி பன்னிரண்டு வருடம் குமாஸ்தாக்களோடும் கூலிக்காரர்களோடும் வாரம் ஒரு மாலை பயிற்சிக் கூடத்தில் நின்றவர். மறுநாள் காலை அதே ஆட்களை லிவர்பூல் தெருவில் பார்ப்பார். சீருடைக்கு வெளியே ஒரு மனிதன் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் உதவியது என்று நான் நம்புகிறேன். அவன் ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது வத்தானியாவில் தன் செக்ஷன் ஆட்களைப் பற்றி வெகுநேரம் சொல்லிக்கொண்டே வந்தான்.

மூன்றாம் நாள்: காஞ்சனபுரி ஊருக்குள்

காலையில் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர். தாழ்வான கற்கள், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகட்டில் பெயர், படை, வயது. பீரங்கிப் படைச் சின்னத்தைத் தேடித் தேடி வாசித்தோம். 22, 24, 27. எதிரே உள்ள ரயில்பாதை அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மதியம் பாக் பிரேக் தெருவுக்குப் போனோம். பழைய கடைவீதி, இரண்டு மாடி வீடுகள். அதில் ஒன்று பூன்பொங் சிரிவேஜபந்து என்ற தாய்லாந்து வியாபாரியின் வீடு. முகாம்களுக்குச் சாமான் விற்க ஜப்பானியரிடம் ஒப்பந்தம் பெற்று, ஆற்றில் படகில் ஏற்றிக்கொண்டு போவார். முட்டையும் காய்கறியும் இருக்கும் கூடைகளுக்குள் மருந்தும் பணமும் ஒளிந்திருக்கும். பிடிபட்டிருந்தால் குடும்பத்தோடு அழிந்திருப்பார். கைதிகளுக்குக் கடனும் கொடுத்தார்.

அந்த வீட்டு முன்னால் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கொடுத்த கடனுக்கெல்லாம் ஜாமீன் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு. எலும்பும் தோலுமாக நிற்பவன், நாளை உயிரோடு இருப்பானா என்று தெரியாதவன். அவனுக்குக் கடன் கொடுப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? இவரோடு சேர்ந்துதான் டூசி மருந்தையும் உணவையும் முகாமுக்குள் கொண்டுவந்தார். பாலம் முடிந்து திடமானவர்களை மேலே காட்டுக்கு அனுப்பியபிறகு தா மக்காமை நோயாளி முகாமாக மாற்றினார்கள். மேலிருந்து வந்திறங்கியவர்கள் புண்ணழுகி, வயிற்றுப்போக்கில் காய்ந்து வந்தார்கள். அவர்களைத் தேற்றியது பூன்பொங்கின் சரக்கும் டூசியின் நிர்வாகமும் கைதி டாக்டர்களின் கையும்தான். போர் முடிந்து பூன்பொங் தொழிலில் நொடித்தபோது டூசியும் பழைய கைதிகளும் பணம் திரட்டி அனுப்பினார்கள். கடன் அடைந்தது.

நாலாம் நாள்: நாம் தோக்

காலை ரயிலில் நாம் தோக் வரை. தாம் கிரசேயில் பாறையை ஒட்டி மரக்கால்களின் மேல் ரயில் ஊர்ந்து போகிறது. கீழே குவே நோய் ஆறு. சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. நாம் தோக்கோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் பெயர்த்துவிட்டார்கள். ஒரு வண்டி பிடித்து ஹெல்ஃபயர் பாஸ் போய், உளியும் சம்மட்டியும் வெட்டிய அந்தப் பாறை இடுக்கில் நடந்தோம்.

இனி நம் கணக்கு. இந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய 2 லட்சம் பேர் என்றும், இறந்தவர் 90,000 வரை இருக்கலாம் என்றும் பரவலாகச் சொல்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது பிடிக்கத் தொடங்கினார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதை மலாயாவில் பல குடும்பங்களில் உண்டு. பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர், நம் ஆட்களில் பாதிக்குப் பாதி. அதே மழை, அதே காலரா, அதே அரிசி. என்ன வித்தியாசம்? கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவை, குழி வெட்டு, நோயாளியைத் தனியே வை என்று சொல்லவும், சொன்னதைச் செய்ய வைக்கவும் ஓர் அமைப்பு இருந்தது. காலையில் தென்கோ என்ற ஜப்பானியத் தலை எண்ணிக்கை நடக்கும்போது தன் ஆட்கள் எத்தனை பேர், யார் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று தெரிந்த ஒரு டூசி முன்னால் நின்றார். தோட்டத்தில் நமக்குப் பெரட்டு இருந்தது. விடியுமுன் களத்தில் நிற்கவேண்டும், கிராணி என்ற தோட்டத்துக் கணக்கர் பெயர் வாசிப்பார். இந்தக் காட்டில் நமக்கு அந்தப் பெரட்டுகூட இல்லை. 1943 நடுவில் கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்று கைதிகளில் மருத்துவம் தெரிந்த இரண்டு குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

டூசியை நான் ஏன் தேடி வந்தேன் என்று முதல் நாள் கேட்டானே, அதற்கு இந்த இடுக்கில்தான் முழுப் பதிலும் சொன்னேன். அவரைப் படித்தபிறகுதான் ஆயாவின் அண்ணனுக்கு என்ன கிடைக்காமல் போனது என்று எனக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள்: வாட் தாவோர்ன், திரும்பும் வழி

ஊர் திரும்புமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே உள்ள வாட் தாவோர்ன் வராராமுக்குப் போனோம். வியட்நாமியரின் புத்தக் கோயில். தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் இங்கே இருக்கிறது. 2023-இல் தமிழர்கள் சேர்ந்து இங்கே ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி வந்து வைத்தோம். ஊதுபத்தி கொளுத்தினோம். அவன் வத்தானியாவில் பழகிய மாதிரி நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தான். யாரும் சொல்லவில்லை.

ரயிலில் டூசியின் மீதிக் கதையைச் சொன்னேன். 1943 டிசம்பரில் அவரை நோங் பிளாடுக்குக்கு மாற்றினார்கள். முகாம் ரயில் யார்டை ஒட்டியிருந்ததால் 1944 செப்டம்பரில் நேச விமானங்களின் குண்டுகளே விழுந்து சுமார் 100 கைதிகள் இறந்தார்கள். பிறகு அதிகாரிகளை ஆட்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள். 1945 ஆகஸ்டில் விடுதலை வந்ததும், நேரே ஊருக்குப் போகாமல் 300 மைல் காட்டுக்குள் பயணம் செய்து தன் ஆட்களைத் தேடிப் போனார்.

போர்க் குற்ற விசாரணை நடந்தபோது தா மக்காமில் காவலாக இருந்த சார்ஜென்ட் மேஜர் சைட்டோவுக்காகப் பேசினார். அந்த மனிதர் கடுமையானவர், ஆனால் நியாயமாக நடந்தவர் என்றார். சைட்டோ பிழைத்தார். டூசி 1975-இல் இறந்து சில வருடம் கழித்து, ஜப்பானிலிருந்து வந்து அவர் கல்லறை முன் நின்றார் சைட்டோ.

ஊர் திரும்பிய டூசி மறுபடி பேரிங்ஸ் வங்கிக்கே போனார். பகுதிநேரப் படைக்கும் போனார். பிரிகேடியராகி 1954-இல் ஓய்வு பெற்றார். பழைய கைதிகளின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். சயாம் காட்டில் உடம்புக்குள் புகுந்த ஒரு வகைப் புழு பல வருடம் கழித்தும் அவர்களை விடாமல் வாட்டியது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவர்களைச் சோதித்து வைத்தியம் பார்க்க டூசி துணை நின்றார். சர் பட்டம் 1974-இல் கிடைத்தது.

கேட்டுக்கொண்டே வந்தவன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். "மா, சயாமுக்குப் போன தாத்தாவோட முழுப் பேரு என்ன?"

அக்கா யோசித்தது எனக்குக் கேட்டது. ஆயா அவரைப் 'பெரிய அண்ணன்' என்றுதான் சொல்லும், பெயர் சொல்லிக் கேட்டதே இல்லை என்றாள். பிறகு, "தோட்டத்து ஆபீஸ் செக்ரோல் புத்தகத்துல, அந்த ஆள் பதிவேட்டுல, இருந்திருக்குமேடா" என்றாள்.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆபீஸ் இடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய கிராணியின் மகன் ஈப்போவில் இருப்பதாகக் கேள்வி. அடுத்த வாரக்கடைசியில் பயிற்சி முகாம் இல்லை, போய்ப் பார்க்கலாம் என்கிறான் அவன். பாடாங் பெசார் வந்துவிட்டது. கடப்பிதழை எடுக்கவேண்டும்.